இடது கால்

ஷிப்ட் முடிந்து மெரின் தன் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்தபோது, எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக அவள் புருஷன் ஜெர்ரி ஒரு வெள்ளைக் காரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான். காரின் மூக்கில் சிவப்பு ரிப்பன். பின்கண்ணாடியில் ஷோரூம் ஸ்டிக்கர் இன்னும் உரிக்கப்படவில்லை. தங்கள் சிவப்புக் கார் சர்வீஸில் இருக்கிறது, யாரோ சிநேகிதன் காரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"யார்து?" என்றாள்.

"நம்மளுதுதான். ஏறு. நீயே ஓட்டு."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் அவளுடைய இடது கால் பழக்கத்தில் தானாக முன்னே போய்க் கிளட்சைத் தேடியது. அங்கே வெறும் தரைதான் இருந்தது. இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள்.

"ஆட்டோமேட்டிக்கா?"

"டூயல் கிளட்ச். ஸ்டியரிங் பின்னாடி பாரு, ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்கு பாரு. வேணும்னா அதத் தட்டிக் கியர் மாத்திக்கலாம். பழசவிட ஸ்பீடு."

"சேப்பு கார் எங்க?"

"எக்சேஞ்ச்ல விட்டுட்டேன்."

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அது ஷிப்ட் மாறும் நேரம். அவளுடன் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டே புதுக் காரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். மெரினும் பதிலுக்குச் சிரித்துவைத்தாள். மயிலம் ரோடு முழுக்க, கோரிமேடு சிக்னலில், நெல்லித்தோப்பில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கால் மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் எழும்பி எழும்பி அடங்கியது.

சிவப்புக் கார் பார்க்கச் சின்னது. எஞ்சின் அந்த உடம்புக்குப் பெரியது. கல்யாணமான மறு வருஷம் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. பதிவு ஜெர்ரியின் பேரில். குழந்தை இல்லை என்பதை டாக்டர்களோடும் மாமியாரோடும் மாதாவோடும் பேசிப் பேசி அலுத்து, அந்தப் பேச்சை இருவருமாக ஒருநாள் நிறுத்திய பிறகு, வீட்டில் அவர்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சிய பேச்சு அந்தக் கார்தான். அவன் அவளைக் கட்டிக்கொண்டதே அவள் ஓட்டியதைப் பார்த்துத்தான். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், இருபக்கமும் பைக்குகள் நின்ற ஒரு சந்திலிருந்து வேன் ஒன்றை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து வெளியே கொண்டுவந்தாள். இறங்கியபோது, "யாருங்க நீங்க?" என்று கேட்டவன் ஜெர்ரி. மறைமலை அடிகள் சாலையில் ஒரு டைல்ஸ் ஷோரூமுக்கு மேனேஜர். வாய் ஜாஸ்தி, மனசு நல்லது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்.

ஊரில் கார்ப் பைத்தியங்களின் கோஷ்டி ஒன்று இருந்தது. ஞாயிறு விடியற்காலை கடற்கரைச் சாலையில் கூடி, காலாப்பட்டு தாண்டி, கனகசெட்டிக்குளம் எல்லை வரைக்கும் போய், அங்கே டீ குடித்துவிட்டு மாதா கோயில் இரண்டாம் பூசைக்குத் திரும்புவார்கள். அல்போன்ஸ் அண்ணன்தான் தலைவர். பிரான்சில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர், யாரைப் பார்த்தாலும் "சவா?" என்று பிரெஞ்சில் நலம் கேட்டுவிட்டுத்தான் தமிழுக்கு வருவார். அவருடைய மனைவி ரோசா அக்கா எல்லோருக்கும் பிளாஸ்கில் காபி கொண்டுவருவாள்.

அந்தக் கோஷ்டியில் ஜெர்ரிக்கு வேலை பிரசங்கம்.

"கியர் மாத்தறவன்தாண்டா ஓட்டறவன்," என்பான். "ஆட்டோமேட்டிக்ல போறவன் பஸ்ல போறவன் மாதிரி. சீட்டு மட்டும் முன்னாடி."

இது முக்கியமாக எழிலரசனுக்கு. எழிலரசனின் அப்பா மூடிப்போன மில்லில் வேலை செய்தவர். இவன் வீடுகளுக்கு உள் அலங்கார கான்ட்ராக்ட் எடுத்துச் சொந்த உழைப்பில் மேலே வந்தவன். ஏணியில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துபோய்விட்டது என்று, மறைக்காமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினான்.

"நீ கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மெஷின் கியர் மாத்துது ஜெர்ரி. உன் கை அவ்ளோ வேகமா மாத்துமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"அப்ப நீ எதுக்குடா உள்ள ஒக்காந்துகினு? வண்டிய மட்டும் அனுப்பு, அதுவே டீ குடிச்சிட்டு வரும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எழிலரசன் தூரத்தில் வரும்போதே, "கடலூர் பஸ் வந்துடுச்சி, வழி விடுங்க" என்று ஜெர்ரி குரல் கொடுப்பான். எழிலரசனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஒரு பக்க உதட்டோடு நின்றுவிடும் என்பதை மெரின் கவனித்திருக்கிறாள். சொல்லியும் இருக்கிறாள். "அவன் ஒன்னும் நெனச்சிக்க மாட்டான்" என்பான் ஜெர்ரி.

வருஷத்துக்கு ஒரு முறை கோஷ்டி போட்டி வைக்கும். காலி மைதானத்தில் கோன்களை வரிசையாக நிறுத்தி, வளைந்து வளைந்து ஓட்டிக் குறைந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். போன வருஷம் சிவப்புக் காரில் ஜெர்ரி ஓட்டிய பிறகு மெரின் ஓட்டினாள். வளைவுக்கு முன் வலது காலின் நுனியால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து, இடது காலால் கிளட்சை அமுக்கி, கியரைக் கீழே இறக்கினாள். வண்டி திமிறவே இல்லை. ஜெர்ரியைவிடச் சீக்கிரம் வந்தாள். முதலில் கைதட்டியவன் ஜெர்ரிதான். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும், "எனக்கப்புறம் ஓட்டனேல்ல, டயர் நல்லா சூடாயிருக்கும், க்ரிப் ஜாஸ்தி" என்றான்.

அந்தக் கார்தான் அவளைக் கேட்காமல் போய்விட்டது.

"ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் அன்று சாயங்காலம்.

"உனக்காகத்தான் மெரின். டெய்லி அந்த ட்ராஃபிக்ல போய்ட்டு வர. கால் என்னாத்துக்கு ஆவும்?"

"என் கால் நல்லாத்தான இருக்கு. வலிக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னாதான் வாங்கணுமா?" என்றான். அதற்குப் பிறகு டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

போட்டியில் தன்னை முந்தியதை இவனால் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் காரையே இல்லாமல் பண்ணிவிட்டான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து, பூசை முடிந்து கோயில் வளாகத்தில் ரோசா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் எப்டிம்மா இருக்கு இப்ப?"

"யார் கால்க்கா?"

"உன் கால்தான். கிளட்ச் மிதிக்கவே முடியலயாமே. இந்த மாதா கெபி செவுத்துல கூட இடிச்சிட்டியாம். ஜெர்ரி சொல்லிச்சி. பாவம், அதுக்கு மேனுவல்னா உயிரு. உனக்காக வித்துடுச்சி. அந்த மாதிரி ஆம்பள எத்தினி பேரு கெடைப்பாங்க சொல்லு."

மெரின் மாதா சிலை இருந்த அந்தக் கெபியின் சுற்றுச்சுவரைப் பார்த்தாள். நீலச் சுண்ணாம்பின் மேல் முழங்கால் உயரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது. சிவப்புக் காரின் பம்பர் நசுங்கியிருந்த நாள் நினைவுக்கு வந்தது. நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ ஆட்டோக்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று ஜெர்ரி சொல்லியிருந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "நான் எப்ப கெபி செவுத்துல இடிச்சேன்?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"செவுத்துல பெயின்ட் ஒட்டிகினு இருந்தத பாத்துட்டு அல்போன்ஸ் அண்ணன் கேட்டாரு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"இடிச்சது யாரு?"

"நான்தான். புது ஷூ. வழுக்கிடுச்சி."

"அதுக்கு என் பேரா?"

"நான் இடிச்சேன்னா என்னா ஆவும் தெரியுமா? எழில் ஒருத்தன் போதும், சாவற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நீ இடிச்சேன்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. பொம்பள இடிச்சா அது ஒரு மேட்டரே இல்ல. உனக்கு என்னா நஷ்டம்?"

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாடு, சாவி, கேஸ் சிலிண்டர் என்பதைத் தாண்டி அவனிடம் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவள் எழுந்து வந்தபோது ஹாலில் வெள்ளை டைல்ஸின் மேல் சிவப்புச் சிவப்பாகத் தடம் இருந்தது. பீட்ரூட் சாறு கொட்டிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். பாதி பாதமாக, வரிசையாக, தடம் சமையலறைக்குள் போயிற்று. ஜெர்ரி அடுப்பருகே நின்று, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்தில் ரத்தம் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"ஜெர்ரி! கால்ல என்னா?"

அவன் குனிந்து வலது காலைத் தூக்கிப் பார்த்தான். "ஒன்னும் இல்லியே" என்றான். பிறகு தரையைப் பார்த்தான். இடது காலைத் தூக்கினான். குதிகாலில் முந்தின நாள் உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு ஒன்று, விரல் நீளத்துக்கு, ஏறி நின்றது. அவன் அதை யாருடைய காலிலோ இருப்பதுபோல் பார்த்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த இளம் டாக்டரம்மா, அவனைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். நைலான் இழை ஒன்றின் நுனியால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, "தொட்றப்ப சொல்லுங்க" என்றாள். முதலில் கட்டை விரல். அவன் பேசாமல் இருந்தான். பாதத்தின் நடுவில். பேசவில்லை. பிறகு அவள் கையை எடுத்துவிட்டு மெரினைப் பார்த்தாள். இழை காற்றில் நின்றுகொண்டிருந்தபோது ஜெர்ரி, "தெரியுது" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தெரியுது" என்றான்.

மெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சுகர் எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"அப்பாவுக்கு இருந்துச்சி."

"உங்களுக்கு?"

வீட்டில் யாருக்கும் தெரியாமல் வெளியே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறான், மாத்திரையை ஷோரூமிலேயே வைத்திருக்கிறான், அதையும் ஒழுங்காகப் போடுவதில்லை என்பதெல்லாம் கேள்வி மேல் கேள்வி கேட்ட பிறகு வெளியே வந்தது. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, இடது காலில் அதிகம், வலது காலிலும் ஆரம்பித்துவிட்டது என்றாள் டாக்டரம்மா. "முழுசாப் பாத்து முடிக்கிற வரைக்கும் வண்டி எதுவும் ஓட்டாதீங்க. ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும்தான். பிரேக்குல கால் இருக்கான்னே உங்களுக்குத் தெரியாது."

திரும்பும்போது மெரின்தான் ஓட்டினாள். இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னல் விழுந்தது. அங்கேதான் அவன் வாயைத் திறந்தான்.

"இங்கதான் மொதல்ல. கிளட்ச மிதிச்சிட்டேன்னு நெனச்சேன். மிதிக்கல. வண்டி குதிச்சி முன்னாடி பைக்குக்காரன் மேல போய் நின்னுச்சி. அவன் பொண்டாட்டி திரும்பிப் பாத்தா. கைல கொழந்த. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சி கால் எங்க இருக்குன்னு பாத்துத்தான் ஓட்டனேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எழில நான் என்னா பேச்சு பேசியிருக்கேன்னு உனக்குத் தெரியாதா? எப்டி மெரின் போய் அவங்க முன்னாடி நிக்கறது?"

"அதனால உனக்குப் பதிலா என்ன நிக்க வச்சிட்ட."

அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்தான். அழுகிறான் என்று சட்டை நனைந்தபோதுதான் தெரிந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவளுக்குப் பாவமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன சொல் எவ்வளவு கனம் என்று போகப் போகத்தான் தெரிந்தது. தையல் பிரித்ததும் ஜெர்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வண்டியை எடுத்தான். டாக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்தினால், "அங்க போய் நீ ஓட்டி நான் பக்கத்துல ஒக்காந்தா கேக்க மாட்டாங்களா?" என்பான். அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, காலாப்பட்டுக் கடலையோ சவுக்குத் தோப்பையோ பார்க்காமல், அவனுடைய வலது காலையே பார்த்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் வரைக்கும் போவாள். பிரேக் மிதிக்க வேண்டிய இடங்களில் அவளுடைய கால் தரையை அழுத்தும்.

அங்கே இறங்கினால் கேலி காத்திருக்கும். "மெரினு, பார்க்கிங் நாங்க போட்டுத் தரவா?" என்பான் ஒருவன். "கெபிய நகத்தி வச்சிட்டோம், தைரியமா வா" என்பான் இன்னொருவன். ஜெர்ரியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவள் தோளில் கை போட்டு, "ஏய், போதும் விடுங்கடா. குடும்பம்னா ஒருத்தர் விட்டுக்குடுக்கத்தான் வேணும்" என்பான். ரோசா அக்கா அவனுக்கு மட்டும் காபி இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள்.

எழிலரசன் மட்டும் கேலி செய்வதில்லை. ஒருநாள் தனியாக வந்து, "முட்டி வலியா உங்களுக்கும்? ஒரு எண்ணெ இருக்கு, வாங்கியாந்து தரட்டா?" என்று கேட்டான். அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. "வேணாண்ணா, பரவால்ல" என்றாள்.

அந்த வருஷப் போட்டி சேதராப்பட்டுப் பக்கம் காலியாகக் கிடந்த கன்டெய்னர் யார்டில் நடந்தது. அல்போன்ஸ் அண்ணன் மைக்கில் பேர் வாசித்தார். ஜெர்ரியே பேர் கொடுத்திருந்தான்: மெரின், பெண்கள், ஆட்டோமேட்டிக். அந்தப் பிரிவில் அவளைத் தவிர யாரும் இல்லை. போட்டியே இல்லாமல் பரிசு என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

மெரின் நேரே அல்போன்ஸ் அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, உங்க வண்டிய ஒரு ரவுண்டு தருவீங்களா?"

அவருடையது பழைய நீலக் கார், மேனுவல். "கால் தாங்குமாம்மா?" என்றார்.

"தாங்கும்."

ஜெர்ரி வேகமாக நடந்து வந்தான். "எதுக்கு மெரின் இதெல்லாம்? கேட்டுக்கறேன், வேணாம்." அவன் குரலில் பயம் இருந்தது. அவள் வேகமாக ஓட்டிவிட்டால் அவன் இத்தனை நாள் சொன்னதெல்லாம் என்ன ஆகும்? அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது. வாயைத் திறக்க வேண்டாம், சொன்ன சொல்லையும் மீற வேண்டாம், ஓட்டிக் காட்டினால் போதும் என்று நினைத்தாள்.

சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். கல் மாதிரி இருந்தது. கொடி கீழே இறங்கியது. காலை எடுத்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிட்டது.

"ஓ..." என்றது கூட்டம்.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். பழைய வண்டி, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அவளுடைய கால் தேடியது, கிடைக்கவில்லை, மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை எஞ்சின் அலற அலறக் கிளம்பினாள். முதல் கோனைச் சுற்றி இரண்டாவதற்குத் திரும்பும்போது கியரை இறக்கப் போய், தப்பான இடத்தில் திணித்தாள். இரும்பை இரும்பால் அறுப்பது போன்ற சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது. அல்போன்ஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கோன்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து வண்டிக்கு அடியில் போயின. ஒரு வருஷமாகச் சும்மா கிடந்த கால், தன் வேலையை மறந்துவிட்டிருந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

கதவருகே முதலில் வந்தவன் ஜெர்ரி.

"விடு, விடு. பரவால்ல" என்றான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பாவம், அவளுக்கு ஆசதான். கால் ஒத்துக்கல. நான்தான் சொன்னேன்ல" என்றான்.

மெரின் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு வந்திருந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனைப் போல, கல்யாணத்தன்று கோயில் படியில் நின்றபோது இருந்தானே, அந்தப் பையனைப் போல இருந்தான். பொய் நிஜமாகிவிட்டதில் அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

அவள் இறங்கினாள். வெளியிடங்களில் அவனை 'நீங்க' என்று சொல்வதுதான் வழக்கம்.

"ஜெர்ரி, உன் ஷூவக் கழட்டு."

"என்னா?"

"இடது கால் ஷூ. கழட்டிட்டு கண்ண மூடிக்க. எழில் அண்ணன் தொடட்டும். எந்த வெரலத் தொட்டாருன்னு சொல்லு பாப்போம்."

"மெரின், வேணாம்."

"கெபி செவுத்துல யாரு இடிச்சது? சிக்னல்ல பைக்குக்காரன் மேல யாரு வுட்டது? எவ்ளோ நாளா இந்தக் கால்ல உணர்ச்சி இல்ல? இப்ப வலது கால்லயும் போய்கினு இருக்கு. வண்டியத் தொடாதன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லியா? சொல்லு. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவளே சொன்னாள், எல்லாவற்றையும், குரல் உடையாமல்.

எழிலரசன் சிரிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து ஜெர்ரியின் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "டேய், என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னா உன்ன அடிச்சா இருப்பேன்?" என்றான். அல்போன்ஸ் அண்ணன் தன் தொப்பியைக் கழற்றி ஜெர்ரியின் தலையில் வெயிலுக்கு வைத்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ கேரளாவில் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொன்னார்கள். எல்லோரும் அந்தச் சேரைச் சுற்றி நின்றார்கள். மெரின் நீலக் காரின் பக்கத்தில் தனியாக நின்றாள்.

ரோசா அக்கா அவளருகே வந்தாள். "ஆயிரம் இருந்தாலும், இத்தினி பேரு முன்னாடி புருஷன அப்டிப் பேசக் கூடாதும்மா. ஒடம்பு முடியாதவன்."

"அக்கா, ஒரு வருஷமா என்ன எல்லாரும்..."

"அது என்னாம்மா, ஒரு சின்னப் பேச்சு. இது நோவு."

கெபிச் சுவரைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் வலது காலுக்காகத்தான், ரோட்டில் போகிறவர்களுக்காகத்தான் சொன்னேன் என்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்களைப் பற்றிய கவலை இருந்திருந்தால், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்க மாட்டாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"வண்டி ஆஃப் ஆனப்ப உனக்கு சந்தோஷமா இருந்துச்சில்ல?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

கோரிமேடு தாண்டியதும், "ஷூவக் கழட்டுன்னு சொன்னப்ப உனக்கும்தான் இருந்துச்சி" என்றான்.

இருந்தது நிஜம்தான்.

அதற்குப் பிறகு ஜெர்ரிக்கு மரியாதை கூடியது. கோஷ்டியில் ஞாயிறுதோறும் ஒருவர் மாறி ஒருவர் வந்து அவனை அழைத்துப் போனார்கள், பெரும்பாலும் எழிலரசன். டீக்கடையில் ஜெர்ரி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். வலியை மறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் மேனுவல் ஓட்டிய கதை. வலி என்பதே இல்லாததுதான் அவன் நோய் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. மெரினை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்கப் போவதில்லை. கோயிலில் பெண்கள் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜெர்ரியிடம் நின்று விசாரித்தார்கள்.

வேலைக்கு அவள் கம்பெனி பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். வெள்ளைக் கார் வாசலில் நின்று இலையும் தூசியும் சேர்த்தது. தையல் பிரித்த பிறகும் குதிகால் காயம் முழுசாக ஆறவில்லை. கொஞ்சம் உள்ளே போய்விட்டது என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வர வேண்டும். அதற்கு மட்டும் அவள் காரை எடுப்பாள். அவனைக் கைத்தாங்கலாக ஏற்றுவாள், இறக்குவாள். சர்க்கரைக் கணக்கும் மாத்திரையும் இப்போது அவள் கையில். அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பேச்சு மட்டும் சாப்பாடு, சாவி, கேஸ் சிலிண்டரோடு நின்றுவிட்டது.

ஒருநாள் கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசையில் ஜெர்ரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காலில் பெரிய கட்டோடு ஒரு பெரியவர், பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர், "நீங்க எதுல தம்பி வந்தீங்க?" என்று ஜெர்ரியைக் கேட்டார்.

"கார்ல ஐயா. எம் பொண்டாட்டி ஓட்டியாந்தா."

"பரவால்லியே, பொம்பளப் புள்ள இந்த ட்ராஃபிக்ல கார் ஓட்டுதா!"

ஜெர்ரி சிரித்தான். "ஆட்டோமேட்டிக்தான் ஐயா. கியர் வண்டின்னா அவளுக்கு வராது."

மெரின் பக்கத்திலேயே, அவனுடைய இடது கால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் அவளைச் சீண்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் அங்கே நிற்பதுகூட அவனுக்கு அப்போது நினைவில்லை. அவன் அதை நம்பியே சொன்னான். உள்ளிருந்து நர்ஸ் அவன் பேரைக் கூப்பிட்டாள். மெரின் குனிந்து அவன் கைக்குத் தோளைக் கொடுத்தாள்.